வெயில் முன், எரிவாயு பின்



திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒரு முறையேனும் வாளியிட்டு மொண்டு நீராடியவர்கள் இச்சபையில் பலர் இருப்பீர்கள். ஒன்றற்கொன்று சற்றே வேறான சூட்டில், இரவென்றும் பகலென்றும் பாராமல், பூமியே அங்கே ஜலத்தைக் காய்ச்சித் தருகிறது. அத்தகைய நாட்டில் பிறந்து, குளிக்கும் நீரைக் காய்ச்சுவது என்பது நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் உரிய சலுகை என்றே எண்ணி வளர்ந்த நாம், பூமத்திய ரேகையிலிருந்து 51 டிகிரி வடக்கே ஏறிவந்து லண்டனின் இந்த மோர்டனில் குடியமர்ந்த பிறகு, நீரையும் உஷ்ணத்தையும் பற்றிப் புதிதாக யோசிக்க வேண்டியவர்களாகிவிட்டோம். அந்த யோசனையின் ஒரு சிறு பகுதியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்: வீட்டுத் தோட்டத்தில் இருக்கும் ஒரு நீச்சல்குளத்தை, சூரிய வெப்பத்தையும் எரிவாயுவையும் சேர்த்துக்கொண்டு, எவ்விதம் சூடாக வைப்பது என்னும் விஷயம் அது.

வீட்டு நீச்சல்குளம் செல்வர்களின் விவகாரம் அல்லவா, அதற்கு ஒரு பொதுச் சொற்பொழிவா என்று உங்களில் சிலர் மனத்துக்குள் கேட்பது எனக்குத் தெரியாமல் இல்லை, நியாயமான கேள்விதான். லண்டன் கவுண்டி கவுன்சில் 1928 முதல் 1936 வரை இங்கே கட்டிய செயின்ட் ஹீலியர் குடியிருப்பின் சிறு தோட்டங்களில் வெங்காயப் பாத்திக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் இடம் கிடைப்பதே பெரிது. மோர்டன் பூங்காவில் 1967இல் திறக்கப்பட்ட பொது நீச்சல் மண்டபமும், அதற்குப் பதிலாக 2018இல் எழுந்த புதிய மண்டபமுமே இப்பகுதிக் குழந்தைகளில் பெரும்பாலோர் நீச்சல் கற்ற இடங்கள். ஆயினும், வீட்டுக் குளம் சிலரிடமே இருந்தாலும், அது எரிக்கும் எரிவாயுவின் புகை எல்லோருடைய ஆகாயத்திலும் கலக்கிறது. அதைச் செம்மையாக நடத்தும் முறையோ, குளமே இல்லாத வீட்டின் குளியலறை வெந்நீருக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆதலின் கேட்கும் ஒவ்வொருவருக்கும் இதில் பிரயோஜனம் உண்டு என்று நம்பித்தான் பேச இசைந்தேன்.

குளிர்ந்த நீர் அற்பமான விஷயம் அன்று. வல்வெட்டித்துறை பெற்றெடுத்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1971இல் பாக்கு நீரிணையை அக்கரைக்கும் இக்கரைக்குமாக நீந்திக் கடந்து உலகத்தையே வியக்கவைத்தவர். அவரே 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். ஆகஸ்டு மாதத்திலும் அக்கால்வாயின் நீர் 18 டிகிரியை ஒட்டியே இருக்கும். பாக்கு நீரிணையின் நீரோ அதைவிடப் பத்து டிகிரி அளவு சூடானது. குளிர் ஒன்றே அவரைக் கொண்டுசென்றது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கடலோடு பிறந்த அத்தகைய வீரருக்கும் அக்கால்வாயின் நீர் வேறொரு உலகமாக இருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இங்கிருந்து சிறிது தூரத்தில், 1906 முதல் நடந்துவரும் டூட்டிங் பெக் திறந்தவெளிக் குளத்தில், நீரை எவ்விதத்திலும் சூடாக்குவதில்லை. அங்கே இறங்குகிறவர்களின் மனவலிமையை நான் மெச்சுகிறேன். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையை நீருக்குப் பழக்க விரும்பும் தாய்க்கு அந்த வலிமையைப் போதித்துப் பயனில்லை; அவளுக்கு வேண்டியது 28 டிகிரி நீர்.

இனி என் அனுபவத்தில் கண்ட ஒரு குளத்தைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் வாங்கிய வீட்டின் பின்புறத்தில், எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும், சராசரி 1.4 மீட்டர் ஆழமும் உள்ள பழைய குளம் ஒன்று இருந்தது. அதைச் சூடாக்க ஒரு எரிவாயு பாய்லர். அதோடு, முன்னிருந்தவர் நல்ல எண்ணத்தோடு கார் கொட்டகையின் கூரைமேல் இருபது சதுர மீட்டர் கறுப்புச் சூரியத் தகடுகளையும் போட்டுவைத்திருந்தார். இரண்டு வெப்பங்களும் இருந்தும், முதற் கோடையில் வந்த எரிவாயு பில்லைக் கண்டு நண்பர் மனமொடிந்து, குளத்தை மண் போட்டு மூடிவிடலாமா என்று என்னைக் கேட்டார். நான் போய்ப் பார்த்தபோது தகட்டிலும் குறையில்லை, பாய்லரிலும் குறையில்லை. இரண்டையும் சேர்த்த விதத்தில்தான் குறை இருந்தது.

அக்குறையை விளக்குமுன் ஒரு கணக்கு. அந்தக் குளத்தில் ஏறக்குறைய 45,000 லிட்டர் நீர். அதை ஒரே ஒரு டிகிரி உயர்த்த 52 கிலோவாட்-மணி, அதாவது நாம் யூனிட் என்று வழங்குவதில் 52 யூனிட் வெப்பம் வேண்டும். முப்பது கிலோவாட் பாய்லர் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முழு மூச்சில் எரிந்தால் அந்த ஒரு டிகிரி கிடைக்கும். அதற்காகப் பத்துக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கரியமில வாயு ஆகாயத்தில் சேரும். மே மாதத் தொடக்கத்தில் 12 டிகிரியில் கிடக்கும் நீரை 27 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால் 780 யூனிட். பாய்லர் ஒரு நாளுக்கும் மேல் அணையாமல் எரிய வேண்டும். இதை முதலீடு என்று வைத்துக்கொண்டால், அன்றாடம் கரைந்துபோகிற வெப்பமே உண்மையான செலவு. அது எங்கே போகிறது?

நம் வீட்டு மூலையில் மணல் பரப்பி வைத்திருந்த மண்பானை இதற்கு விடை சொல்லும். பானையின் மேற்புறத்தில் கசிந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. திறந்து கிடக்கும் நீச்சல்குளம், இரவு முழுவதும் தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்ளும் ஒரு பெரிய மண்பானை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகிறபோது, மீந்த நீரில் ஏறக்குறைய 585 லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்கும் அளவு வெப்பத்தைக் கொண்டுபோகிறது. நண்பரின் குளத்தில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர், ஒரு கடுகளவு, ஆவியாகி இறங்கினால் நீர் முழுவதும் 0.4 டிகிரி குளிரும். மூன்று மில்லிமீட்டர் இறங்கினால் 60 யூனிட்டுக்கு மேல் போயிற்று. திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ எழுபது சதவீதம் இந்த ஆவியின் வழியே போகிறது; மிஞ்சியதில் பெரும்பகுதி இரவு வானத்தை நோக்கிக் கதிராகப் போகிறது; சுவரின் வழியாகவும் தரையின் வழியாகவும் போவது மிகச் சிறிது. சுவருக்குப் பின்னால் எதையோ அடைத்து வெப்பம் காக்கலாம் என்று சிரமப்படுகிறவர்கள் இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, சூரியத் தகட்டுக்கும் எரிவாயுவுக்கும் முன்னால் நிற்க வேண்டியது ஒரு போர்வை. குமிழ்கள் நிறைந்த பிளாஸ்டிக் விரிப்பானாலும் சரி, அதனினும் கனமானதானாலும் சரி, குளிப்போர் இல்லாத நேரம் முழுவதும் நீரின்மேல் கிடந்தால் சூடாக்கும் செலவில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். நண்பரின் வீட்டில் அந்தப் போர்வை கொட்டகை மூலையில் சுருட்டியபடி தூசி படிந்து கிடந்தது! அதை உருட்டி எடுக்கும் உருளை ஒன்று இல்லாததால், ஈரப் போர்வையை இழுத்து மடிக்கும் கஷ்டத்துக்கு அஞ்சி, வீட்டார் அதைக் கைவிட்டிருந்தனர். போர்வையோடு உருளையையும் சேர்த்தே வாங்குங்கள். உருளை இல்லாத போர்வை பத்தாம் நாள் கொட்டகைக்குத்தான் போகும்.

இனிச் சூரியனுக்கு வருவோம். இந்த ஊரில் வெயில் ஏது என்று சலித்துக்கொள்வது நம்மவரின் வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு இரு முறை உச்சந்தலைக்கு நேராக நிற்கும் சூரியன், மோர்டனில் ஜூன் மாத நடுப்பகலில் அடிவானத்திலிருந்து 62 டிகிரி உயர்ந்து நிற்கிறான். டிசம்பரில் 15 டிகிரிதான், எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டுவதே அவனுக்குப் பாடு. ஆனால் ஜூனில் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல் நீள்வதால், சமதரையின் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரி ஐந்து யூனிட் வெப்பம் விழுகிறது. டிசம்பரிலோ அரை யூனிட் அளவுதான். குளிர்கால வெந்நீருக்கு வெயிலை நம்புகிறவர் ஏமாறுவார். நீச்சல்குளமோ வெயில் உள்ள மாதங்களில் மட்டுமே வேண்டப்படுவது. தேவையும் வரவும் ஒரே பருவத்தில் வந்து சேரும் இப்பொருத்தம் சூரிய சக்தியின் வேறெந்த உபயோகத்திலும் இந்நாட்டில் இவ்வளவு அழகாக வாய்ப்பதில்லை.

அதற்கு வேண்டிய சாதனமும் எளிமையானது. முற்றத்து வெயிலில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, உச்சி தாண்டியபின் குழந்தையைக் குளிப்பாட்டிய பாட்டிமார் கண்ணாடிப் பெட்டியும் வெற்றிடக் குழாயும் தேடவில்லை. குளத்து நீர் 27 டிகிரிக்கு வந்தால் போதும். கோடைப் பகலின் காற்றோ இருபதுக்கு மேல் இருக்கிறது. தகட்டுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள பேதம் சிறிதாக இருக்கும்வரை, கண்ணாடி மூடாத கறுப்புப் பிளாஸ்டிக் தகடு, வந்த வெயிலில் பாதிக்கு மேல் பிடித்து நீருக்குத் தந்துவிடும். நண்பரின் கூரையில் ஜூன் மாத நாளொன்றில் விழுவது நூறு யூனிட். அதில் ஐம்பது அறுபது குளத்தில் சேர்ந்தால், அன்றைய ஒரு டிகிரி வந்துவிட்டது. போர்வை போட்ட குளம் அன்றிரவு இழப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது, நல்ல கோடையில் சூரியன் ஒருவனே அக்குளத்தைக் காப்பாற்ற வல்லவன். குளத்தின் பரப்பில் பாதியளவாவது தகடு இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மேகம் மிகுந்த நாட்டில் முழுப் பரப்பளவும் மிகையன்று.

அப்படியிருக்க, அங்கே எரிவாயு ஏன் ஓயாமல் எரிந்தது? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் உயிர் இருக்கிறது.

குழாய்களைப் பொருத்தியவர், பம்பிலிருந்தும் வடிகட்டியிலிருந்தும் வரும் நீரை முதலில் பாய்லருக்கும், பிறகு கூரைத் தகட்டுக்கும் அனுப்பியிருந்தார். பாய்லரைக் கடந்து இரண்டு மூன்று டிகிரி சூடேறிய நீர் கூரைக்குப் போயிற்று. வெயில் அடிக்கும்போது, முன்பே சூடான நீருக்குத் தகடு கொடுக்கக்கூடியது குறைந்தது; மேகம் மூடிய பிற்பகல்களிலோ, எரிவாயு கொடுத்த உஷ்ணத்தைத் தகடே ஆகாயத்தில் வீசிக் குளிரவைத்து அனுப்பியது. அந்தக் கோடை முழுவதும் நண்பர் பணம் கொடுத்து மோர்டனின் வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். குழாயின் வரிசை மாறவேண்டும் என்று நான் சொன்னதும், இவ்வளவுதானா என்று அவர் கேட்டார். இவ்வளவுதான். பம்பு, வடிகட்டி, சூரியத் தகடு, அதன்பின் பாய்லரின் வெப்பமாற்றி, எல்லாவற்றுக்கும் கடைசியில் குளோரின் சேரும் இடம், அதன்பின் குளம்: இந்த வரிசையில் போனால் குளத்தின் குளிர்ந்த நீரே முதலில் வெயிலைச் சந்திக்கும்; தகடு தன்னால் இயன்றதைக் கொடுத்தபின், குறைந்ததை மட்டும் எரிவாயு நிரப்பும். குளோரின் கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. செறிந்த குளோரின் நீர் வெப்பமாற்றியின் உலோகத்தை அரித்துவிடும்.

நீர் எப்போது கூரைக்கு ஏற வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இரண்டு உஷ்ணமானிகள் வேண்டும். ஒன்று தகட்டில், மற்றொன்று குளத்திலிருந்து வரும் குழாயில். தகடு குளத்தைவிட ஐந்து டிகிரி அளவு சூடானால் மூவழி வால்வு திறந்து நீரை மேலே அனுப்பும். பேதம் ஓரிரண்டு டிகிரிக்குச் சுருங்கினால் மூடி, நேரே கீழே விடும். இந்தச் சிறு கருவி இல்லாத சூரியத் தகடு, பகலில் சம்பாதித்ததை மாலையில் திருப்பிக் கொடுத்துவிடும்.

வரிசையைத் திருத்திய பின்னும் ஒரு குறை எஞ்சியிருந்தது; அது குழாயில் இல்லை, நேரத்தில் இருந்தது. தெர்மோஸ்டாட்டை 28 டிகிரியில் நிறுத்தி இருபத்துநான்கு மணி நேரமும் காவல் வைத்திருந்தார்கள். குளம் மிகவும் குளிர்ந்திருப்பது விடியற்காலையில். அந்நேரத்தில் பாய்லர் விழித்து எரியத் தொடங்கி, காலை எட்டு ஒன்பது மணிக்குள் நீரை 28க்குக் கொண்டுவந்துவிடும். அதன்பின் பத்து மணிக்கு மேல் சூரியன் கூரைக்கு வந்து பார்க்கிறான். அவனுக்கு அங்கே வேலையில்லை. மத்தியான விருந்துக்கு அழைத்தவருக்குக் காலையிலேயே வயிறு முட்டப் பழையதைப் போட்டு உட்காரவைப்பது போன்றது இது. காலையில் ஒரு டிகிரி குறைவாகக் கிடக்கும் நீரே வெயிலை ஏற்க இடமுள்ள நீர். ஆதலால் எரிவாயுவை மாலை நான்கு மணிவரை அணுகவிடக் கூடாது. அதுவரை சூரியன் தந்ததைப் பார்த்து, குழந்தைகள் இறங்கும் வேளைக்குக் குறைவிருந்தால் மட்டும் எரிய வேண்டும். எரிவாயுவுக்கு 26 டிகிரி எல்லை. சூரியனுக்கு 30 வரை அனுமதி. வெயில் மிகுந்த நாளில் குளம் 29, 30 என்று ஏறி நிற்கட்டும்; அடுத்து வரும் இரண்டு மேகமூட்ட நாட்களுக்கு அது சேமிப்பு. வெந்நீரைச் சேர்த்துவைக்கத் தனித் தொட்டி தேட வேண்டாத ஒரே வீட்டுச் சாதனம் நீச்சல்குளம். 45,000 லிட்டர் களஞ்சியத்தைக் கட்டி வைத்துக்கொண்டு அதை எரிவாயுவால் விளிம்புவரை நிரப்பிவிட்டால் சூரியன் தருவதை எங்கே கொட்டுவது?

எரிவாயுவை நான் பழிக்க வரவில்லை. வட கடலில் 1965இல் கண்ட வாயு, 1967 முதல் பத்தாண்டுக் காலத்தில் வீடு வீடாகப் புகுந்து இத்தேசத்தின் குளிரைத் தணித்தது. புகையிலுள்ள ஆவியை நீராக்கி அதன் வெப்பத்தையும் மீட்கும் இக்காலப் பாய்லருக்கு, திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 26 டிகிரிக் குளத்து நீரைவிட அதற்கு உகந்தது வேறில்லை. நினைத்த மாத்திரத்தில் வந்து நிற்கும் அதன் ஆற்றல் சூரியனிடம் இல்லை. மழை பெய்யும் ஜூலையில் பிறந்தநாள் கொண்டாட வரும் பிள்ளைகளிடம் 'மேகம் கலையட்டும்' என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்கனவே உள்ள பாய்லரைப் பற்றித்தான் இவ்வளவும் சொன்னேன். புதிதாக ஒன்றை இதற்கென்றே வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பழையது தன் ஆயுளை முடிக்கும்போது அந்த இடத்தில் வெப்பப் பம்பு ஒன்றை வைப்பதே முறை. காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் அக்கருவி, கோடையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கைந்து யூனிட் வெப்பம் தரும். குழாயின் வரிசையிலோ நேர ஒழுங்கிலோ மாற்றம் எதுவும் வேண்டாம். எரிவாயுக் குழாயைத் தொடும் வேலையை, கேஸ் சேஃப் பதிவு பெற்றவரிடமே கொடுங்கள். அது இந்நாட்டின் சட்டம், உங்கள் பிள்ளைகளின் உயிர்.

இந்த ஊரில் நின்று இதைப் பேசுவதில் எனக்குத் தனியான மகிழ்ச்சி உண்டு. மோர்டன் நிலையத்தின் எதிரே உயர்ந்து நிற்கும் மாளிகையில் அலுவல் நடத்தும் நம் மெர்ட்டன் நகராட்சி, 2003ஆம் ஆண்டில், ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட, குடியிருப்பு அல்லாத புதிய கட்டடங்கள் தமக்கு வேண்டிய சக்தியில் பத்தில் ஒரு பங்கையாவது அவ்விடத்திலேயே, தீராத மூலங்களிலிருந்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்தில் வேறு எந்த உள்ளூர் ஆட்சியும் அதற்குமுன் செய்யாத காரியம் அது. 'மெர்ட்டன் விதி' என்ற பெயரோடே அது மற்ற நகராட்சிகளுக்குப் பரவியது. 2008இல் பாராளுமன்றம் இயற்றிய திட்டமிடல் மற்றும் சக்திச் சட்டம், அப்படி விதிக்கும் அதிகாரத்தை உள்ளூர் ஆட்சிகளுக்கு உறுதிசெய்தது. ஒரு சிறு நகராட்சியின் எழுத்தர்களும் உறுப்பினர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதிய ஒரு வாக்கியம் தேசத்தின் கட்டடங்களை மாற்றிற்று என்பதை எண்ணும்போது, இவ்வூரில் வரி கட்டுகிறவன் என்ற முறையில் எனக்குப் பெருமை உண்டாகிறது. அந்த விதி நம் வீட்டுத் தோட்டத்துக்குச் சட்டமாக வரவில்லை. பத்தில் ஒரு பங்கை மற்றவர்மேல் விதித்த ஊரில் வாழும் நாம், பத்தில் ஆறேழு பங்கை வெயில் தானாகக் கொடுக்க வந்து நிற்கும் இடத்தில் அதை வாசலோடு திருப்பி அனுப்புவது பொருந்துமா?

நண்பரின் குளம் மூடப்படவில்லை. குழாயின் வரிசை மாறியது, நேரக்கருவி வந்தது, போர்வைக்கு உருளை வந்தது, தோட்டத்தின் தென்மேற்கு மூலையில், காற்று வரும் வழியில், வேலிச்செடியும் வளர்ந்திருக்கிறது. சென்ற கோடையில் பாய்லர் எரிந்த நாட்களை அவருடைய மகள் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவைத்தாள். ஜூலை மாதத்தின் தாளில் சிவப்புப் புள்ளி மூன்றே இருந்தன.

குளம் வைத்திருப்போருக்கும், வைத்திருக்கும் உறவினரை உடையோருக்கும் ஒரு வேண்டுகோள். பொருத்துகிறவரை அழைக்கு முன், பணம் எதுவும் செலவிடு முன், இந்தக் கிழமையில் மழையில்லாத இரண்டு இரவுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் நாள் மாலை குளத்தைத் திறந்தே விட்டு, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் ஓட்டின்மேல் ஒரு பென்சில் கோடு போடுங்கள். மறுநாள் காலை மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோலால் அளந்து, நீரின் உஷ்ணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் இரவு போர்வை போட்டுவிட்டு அதையே செய்யுங்கள். இரண்டு இரவுகளின் எண்களையும் எழுதிய தாளோடு என்னிடம் வாருங்கள். மற்றதை உட்கார்ந்து பேசுவோம்.